கையைக் கட்டிக்கொண்டு எழுதுவது: எந்தக் கட்டு யாருக்கு?

"எழுத வராம இல்ல தம்பி. வருது. ஆனா எதை எழுதினாலும் போன வாரம் எழுதினது மாதிரியே வருது."

எங்கள் எழுத்துக் குழுவில் மூத்தவரான டீச்சர் இப்படிச் சொன்னபோது மற்ற நான்கு பேரும் தலையாட்டினோம். ஞாயிறு மாலை, மொட்டைமாடி, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் காபி. எல்லோரும் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான். அதனால் தலைப்புக் கொடுத்து எழுதும் வழக்கமான பயிற்சி எங்களுக்கு உதவவில்லை. "மழை" என்று கொடுத்தால் ஐந்து பேரும் மண்வாசனையில் தொடங்கி அம்மா சுட்ட பஜ்ஜியில் முடித்தோம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று மாதம், தினமும் அரை மணி நேரம், ஏதாவது ஒரு விதியைக் கட்டிக்கொண்டு எழுதுவது. எந்த விதி என்பதில்தான் சண்டை. வெண்பா என்றார் ஒருவர். குறிப்பிட்ட எழுத்து வராமல் எழுதலாம் என்றார் இன்னொருவர். அந்தாதி, 55 சொல் கதை, ஹைக்கு என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றையும் கொஞ்ச காலம் எழுதிப் பார்த்த பிறகே தெளிவு வந்தது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவலாம்.

முதலில் நாங்கள் செய்த தவறு. எது கடினம், எது எளிது என்று வரிசைப்படுத்தினோம். கடினமானதைச் செய்தால் அதிகப் பலன், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை கூட்டுவதுபோல, என்று நினைத்தோம். அப்படி இல்லை. எழுதுகிறவருக்கு எந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறதோ அந்தப் பழக்கத்தின் கையைக் கட்டும் விதிதான் அவருக்கு வேலை செய்கிறது. அவரிடம் இல்லாத பழக்கத்தைக் கட்டும் விதி, எவ்வளவு கடினமானாலும், குறுக்கெழுத்துப் போட்டியாகவே நின்றுவிடுகிறது.

விதி என்றதும் குழுவில் இளையவர் நேராகப் பாரிசுக்குப் போனார். 1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் தொடங்கிய ஊலிப்போ குழு. எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுத்துக்குப் புதிய விலங்குகள் செய்த இடம். அந்தக் குழுவைச் சேர்ந்த ழார்ழ் பெரெக், ரோமன் நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தான 'ஈ' ஓரிடத்திலும் வராமல் முழு நாவலே எழுதி 1969இல் வெளியிட்டார். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து அது. டீச்சர் அசரவில்லை. "நம்ம ஊர்ல இதுக்குப் பேரே இருக்கு, சித்திரகவி" என்றார். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நாற்கவியில் மூன்றாவது. மாலைமாற்று (பின்னாலிருந்து வாசித்தாலும் அதே வரும் பாட்டு), கோமூத்திரி, சுழிகுளம், அக்கரச்சுதகம் என்று தண்டியலங்காரம் வகைப்படுத்தி இலக்கணமே சொல்கிறது. பண்டிதர்கள் இவற்றை வெறும் வித்தை என்று கொஞ்சம் ஓரமாக வைத்தது உண்மைதான். நாங்கள் தேடியதும் இலக்கியம் இல்லை, பயிற்சி. வித்தையே போதும்.

உதடு ஒட்டாமல்

முதல் போட்டியாளர் நிரோட்டகம். உதடு குவியாமலும் ஒட்டாமலும் சொல்லக்கூடிய எழுத்துகளால் மட்டும் எழுதுவது. ப, ம, வ வரிசைகள் கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ உயிர்களும், அவை ஏறிய உயிர்மெய்களும் கிடையாது. வடமொழியில் தண்டி எழுதிய தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் தன் கதையை இப்படித்தான் சொல்கிறான். காதலி கடித்ததில் உதடு புண்ணாகிவிட்டது, ஒட்டிப் பேச முடியவில்லை என்பது அவன் சாக்கு. தமிழில் 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் பாடிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் நிரோட்டகம், யமகம் (ஒரே எழுத்துகள் வேறு வேறு பொருளில் திரும்ப வருவது), அந்தாதி என்று மூன்று விலங்குகள் ஒரே காலில். எங்களுக்கு ஒன்றே தாங்கவில்லை.

"யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்ற 341ஆம் குறளை உதடு ஒட்டாத குறள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒட்டாது, சரி. ஆனால் 'நோ' என்னும்போது குவியும். கறாரான கணக்கில் வள்ளுவரே ஓர் எழுத்தில் தோற்றுப்போகிறார். இதைக் கேட்டு எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எழுத உட்கார்ந்தால் முதல் நாளே தெரிவது, போனது எழுத்து இல்லை, இலக்கணம் என்பது. -உம் போய்விடுகிறது. எதிர்காலம் அநேகமாகப் போய்விடுகிறது: செய்வான், படிப்பாள், வரும் எல்லாமே அவுட். நான்காம் வேற்றுமையின் -கு போய்விடுகிறது. இந்தக் கடைசி இழப்பை நான் அற்பமாகத்தான் நினைத்தேன். அதுதான் பெரியதாக இருந்தது.

தமிழில் உணர்ச்சிகள் நமக்கு வருகின்றன. நாம் அவற்றைச் செய்வதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தோன்றியது. பாத்திரம் சும்மா உட்கார்ந்திருக்கும்; உணர்ச்சி பஸ் பிடித்து வந்து அதன்மேல் இறங்கும். -கு இல்லாவிட்டால் அந்த பஸ் நின்றுவிடுகிறது. பாத்திரம் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். மூன்றாம் நாள் நான் எழுதியது இது:

"கதிர் சாய்ந்த நேரத்தில் அக்கா ஆற்றங்கரையில் நின்றாள். தண்ணீர் இல்லை. கரை நீள நெகிழித் தாள்கள். அந்நாளில் இங்கே நீந்தினாளே, அதை நினைத்தாள். அழ நினைத்தாள், சிரித்தாள்."

பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் விதி இல்லாதிருந்தால் "கரை முழுவதும் பிளாஸ்டிக் குப்பை" என்று எழுதியிருப்பேன். "கரை நீள நெகிழித் தாள்கள்" என்பதில் கண் கரையோடு நடக்கிறது. "அவளுக்கு அழுகை வந்தது" என்றுதான் முடித்திருப்பேன். "அழ நினைத்தாள்" என்று எழுத வேண்டிவந்ததும், அழ நினைத்தவள் அழாமல் வேறு ஏதாவது செய்யலாமே என்று பட்டது. சிரித்தாள்.

ஒரு சலுகை கேட்பவர்கள் இருப்பார்கள். "அது", "காற்று" போன்ற சொற்களின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு உதடு சரியாகக் குவிவதே இல்லையே, அதை விட்டுவிடலாமா என்று. காதுக்கு அது நியாயம். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் எனக்கு, அவளுக்கு, மனசுக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும். பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும். முதல் வாரம் மட்டும் சலுகை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விளையாட்டும் இதில் உண்டு. யார் யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். அக்கா, அண்ணன், தங்கை இருக்கிறார்கள். தம்பி இல்லை. சென்னை, தஞ்சை, நெல்லை, காஞ்சி இருக்கின்றன. மதுரையும் கோவையும் இல்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை. பெரெக்கின் நாவலிலும் இதுதான் நடந்தது. ஐந்தாம் எழுத்து போனதும் பிரெஞ்சில் தாய், தந்தை என்ற சொற்கள் இரண்டும் போயின. அவருடைய பெயரையே அதில் எழுத முடியாது. அவருடைய தந்தை 1940இல் போரில் இறந்தவர். தாய் 1943இல் ஆஷ்விட்சு வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். வெறும் வித்தை என்று ஓரமாக வைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஓர் எழுத்தை மட்டும் விலக்கினால்

நிரோட்டகம் அதிகமாகத் தெரிந்தால் அதன் தங்கை இருக்கிறாள்: ஒரே ஒரு மெய் வரிசையை விலக்குவது. இங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி ஒன்று நமக்கு உண்டு. நம் விகுதிகளும் உருபுகளும் இடைநிலைகளும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருபவை. அதனால் எந்த எழுத்தை விலக்குகிறோம் என்பதைக் கொண்டு எந்த இலக்கணத்தை விலக்குகிறோம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

க வரிசையை விலக்குங்கள். நிகழ்காலம் போகும் (-கிறு, -கின்று). பன்மை -கள் போகும். -க்கு போகும். 'கொண்டு' போகும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், -ஆக போகும். அழகாக, மெதுவாக, சோகமாக, ஆழமாக என்று வினைக்கு முன்னால் நாம் தூவும் உப்பு முழுதும் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. டீச்சரின் எழுத்தில் பத்து வாக்கியத்துக்கு ஏழு -ஆக இருக்கும். அவரே எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு. க இல்லாமல் அவர் எழுதியது:

"மழை நின்றது. வாசலில் ஈரச் செருப்பு, ஒன்றுதான். மற்றொன்றை நாய் எடுத்துப் போயிருந்தது. அப்பா தேடவில்லை."

மண்வாசனையும் இல்லை, பஜ்ஜியும் இல்லை. "அப்பா சோகமாக அமர்ந்திருந்தார்" என்று எழுத முடியாததால் வந்த வாக்கியம் "அப்பா தேடவில்லை". எங்கள் மொட்டைமாடியில் அன்று யாரும் சில நொடிகள் பேசவில்லை.

ம வரிசையை விலக்கினால் -உம் போகும். "அதுவும் இதுவும் மட்டுமல்லாமல்" என்று வாக்கியத்தை ரயில்பெட்டிபோல் கோத்துக்கொண்டு போகும் கட்டுரைக்காரர்களுக்கு, என்னைப்போன்றவர்களுக்கு, அது மருந்து. த வரிசையை விலக்கினால் வந்தான், செய்தான், பார்த்தான் போய், ஓடினான், கேட்டான், நின்றான் மட்டும் மிஞ்சும். அதை நாலு நாளில் விட்டுவிட்டோம். அது எந்தக் கெட்ட பழக்கத்தையும் தொடவில்லை, கையை மட்டும் வலிக்கவைத்தது.

சரிபார்ப்பதும் சுலபம். கணினியில் 'க' என்று தேடினால் பெரும்பாலான மென்பொருள்களில் கா, கி, கு எல்லாமே சிக்கும். நிரோட்டகத்தைக் கண்ணாடி முன் வாசித்தால் போதும். கண் விட்டதை உதடு காட்டிக்கொடுக்கும்.

வெண்பா

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் புதுக்கவிதைக்காரர். வெண்பா என்றதும் முகம் சுளித்தார். "அது ஒரு காலத்துச் சட்டை, நமக்குப் பத்தாது." கடைசியில் அந்தச் சட்டையை விரும்பிப் போட்டுக்கொண்டவர் அவர்தான்.

வெண்பாவைப் பயிற்சியாக எடுப்பதற்குச் செலவு அதிகம். நேர், நிரை பிரிக்கப் பழக வேண்டும். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று, ஒரு சீர் முடிந்தால் அடுத்தது எதில் தொடங்க வேண்டும் என்ற தளைக் கணக்கு கைக்கு வர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கனிச்சீர் வரக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். பாட்டை ஒட்டினால் அலகு பிரித்துக் காட்டும் அவலோகிதம் போன்ற மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. ஆனால் முதல் பத்து நாள் விரல்விட்டே எண்ணுங்கள். கணினி தவறைச் சொல்லும், காதைப் பழக்காது.

நான்கடி வேண்டாம், ஏழு சீர் குறள் வெண்பாவே போதும். ஒன்று எப்படி உருவானது என்று சொல்கிறேன், ஏனென்றால் லாபம் முழுதும் அந்த வழியில்தான் இருக்கிறது. நண்பரின் முதல் எண்ணம்: கடைசிப் பேருந்து போன பிறகு தெருவில் நிலா மட்டும் இருந்தது. இதைவிடப் பழகிய படம் தமிழில் இருக்க முடியாது. "கடைசிப்பே ருந்தும்" என்று எடுத்தார். 'ருந்தும்' தேமா, அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். "போனபின்" நேரில் தொடங்குகிறது, விழுந்தது. "கடந்தபின்" வந்தது. அது விளம், அடுத்தது நேர் வேண்டும். "தெரு" நிரை, விழுந்தது. "வீதி" வந்தது. அடுத்த அடிக்கு 'கடை'க்கு எதுகை: குடை, சடை, தடை, நடை, படை, மடை, விடை. நடை.

கடைசிப்பே ருந்தும் கடந்தபின் வீதி
நடையாய் நடக்கும் நிலா

பேருந்தை இரண்டு சீருக்கு நடுவே உடைத்திருப்பதைப் புலவர்கள் வகையுளி என்று மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அது கிடக்கட்டும். நிலா 'இருந்தது' என்று நினைத்தவரை எதுகை நடக்க வைத்தது. அதுவும் வெறும் நடை இல்லை. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிறவனின் நடை. அந்தச் சோர்வு, பேருந்தைத் தவறவிட்ட ஒருவரின் சோர்வு, நிலாவுக்கு வந்துவிட்டது. "இதை நான் யோசிக்கல" என்றார் அவர். உண்மைதான், எதுகைதான் யோசித்தது.

ஆக வெண்பா கட்டுவது முதலில் வந்த சொல்லோடு திருப்தியடையும் பழக்கத்தின் கையை. முதல் சொல் பத்துக்கு எட்டு முறை தளையில் விழும். இரண்டாம், மூன்றாம் சொல்லைத் தேடிப் போயே ஆக வேண்டும். எளிதாக எழுத வருகிறவர்களுக்கு இது அவசியம். எழுதவே தயங்குகிறவர்களுக்கு வேண்டாம். அவர்களுடைய பேனாவை இது முழுதுமாக நிறுத்திவிடும். எங்கள் இளையவருக்கு அப்படித்தான் ஆயிற்று.

வெண்பாவிலேயே ஈற்றடி கொடுத்துப் பாடுவது குழுக்களுக்கு நல்ல விளையாட்டு. எட்டயபுரத்தில் சிறுவன் பாரதியை மட்டம்தட்ட "பாரதி சின்னப் பயல்" என்று காந்திமதிநாதன் ஈற்றடி கொடுத்ததாகவும், பாரதி அதைக் "காந்திமதி நாதனைப் பார், அதி சின்னப் பயல்" என்று பிரியும்படி முடித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்கள் கூட்டத்தின் நடுவே நூறு வேலைகளுக்கு இடையில் ஈற்றடிக்கு வெண்பா சொன்னவர்கள். முடிவு தெரிந்துவிட்டால் அங்கே போய்ச் சேரும் வழிதான் கேள்வி. கதை எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். கடைசி வாக்கியத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் கொடுக்கட்டும்.

அந்தாதி

எங்கள் இளையவர் கதைகளை நடுவில் விட்டுவிடுகிறவர். கணினியில் முப்பது கதைகள், எல்லாம் இரண்டாம் பக்கத்தில் நிற்கின்றன. அவருக்கு அந்தாதி. பாட்டில் இல்லை, உரைநடையில்: ஒரு பத்தி எந்தச் சொல்லில் முடிகிறதோ அடுத்த பத்தி அதில் தொடங்க வேண்டும். "கடைசியில் கதவைச் சாத்தினான்" என்று ஒரு பத்தி முடிந்தால் அடுத்தது "சாத்திய கதவுக்கு வெளியே" என்று எடுக்கும். சும்மா ஒட்டுப்போடும் வேலைபோலத் தெரியும். ஆனால் அவர் நின்றுபோவது எப்போதும் "அடுத்து என்ன" என்ற இடத்தில். அந்தக் கேள்விக்கு விதியே பதிலின் முதல் சொல்லைக் கையில் கொடுத்துவிடுகிறது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி இப்படித்தான் நூற்றொரு வெண்பாவுக்குச் சங்கிலி போட்டது.

மண்டலித்தல் என்ற கூடுதல் விதியையும் சேர்த்தோம். முடிவு மறுபடி தொடக்கச் சொல்லில் வந்து சேர வேண்டும். "உதிக்கின்ற" என்று தொடங்கும் அபிராமி அந்தாதி நூறாம் பாட்டில் "உதிக்கின்றவே" என்று முடிவது தெரிந்ததுதானே. இளையவர் ஒரு மாதத்தில் நான்கு கதைகளை முடித்தார். நான்கும் சுமார்தான். முடிந்தன என்பதே அவருக்குச் செய்தி.

அந்தாதியில் ஆபத்து ஒன்று உண்டு. ஏற்கெனவே வளவளவென்று எழுதுகிறவர்கள் கையில் கொடுத்தால் சங்கிலி முடியவே முடியாது.

55 சொல்

வளவளக்காரர்களுக்குச் சொல் எண்ணிக்கை என்பார்கள். 55 சொல் கதை 1987இல் அமெரிக்காவில் ஸ்டீவ் மாஸ் தன் வாரப் பத்திரிகையில் நடத்திய போட்டியிலிருந்து பரவியது. ஆங்கிலத்தில் அது கறாரான விதி. தமிழில் அது ரப்பர். "வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்" ஒரே சொல். "வந்து கொண்டு இருந்தவர்களை எல்லாம்" நான்கு சொல். எங்கள் வங்கி நண்பர் சொற்களை ஒட்டி ஒட்டி எழுபது எண்பது சொல் கதையை 55க்குள் திணித்தார். கேட்டால், "சந்தி விதிப்படி சரிதான்" என்று வாதம்.

வேண்டுமானால் வாக்கியத்தை எண்ணுங்கள். ஒன்பது வாக்கியம், அதற்குமேல் கிடையாது. அல்லது ஓர் அஞ்சலட்டை வாங்கி அதில் கையால் எழுதுங்கள். அஞ்சலட்டையை ஏமாற்ற முடியாது. எழுத்தைப் பொடியாக்கலாம், அதற்கும் எல்லை உண்டு. ஆனால் இந்த வகை விதி எதை எழுதக் கூடாது என்று சொல்வதில்லை, எவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது. அதனால் பழைய பழக்கங்கள் அப்படியே, சின்ன அளவில், உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பஜ்ஜி அரை பஜ்ஜியாகிறது. கதையைத் திருத்தும்போது பயன்படுத்தலாம். புதிதாக ஒன்று பிறக்க இதை நம்பவில்லை.

ஹைக்குவைச் சீக்கிரம் கழித்துவிட்டோம். பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். வடிவம் நல்லதுதான். ஆனால் ஜப்பானியரின் 5-7-5 ஒலிக் கணக்கைத் தமிழில் பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. மூன்று வரி, கடைசியில் ஒரு திருப்பம் என்ற வழக்கம்தான் மிச்சம், அதற்கு விதி என்று பெயர் வைக்க முடியாது. மாலைமாற்றை ஒரே மாலையில் விட்டோம். சம்பந்தர் "யாமாமாநீ யாமாமா" என்று பதிகமே பாடினார். எங்களுக்கு "விகடகவி", "தேரு வருதே" தாண்டி எதுவும் வரவில்லை. பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க நல்லது.

எதை எடுப்பது

எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்ற யோசனையைக் கைவிட்டோம். உங்களுக்கு எது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது: கடைசியாக எழுதிய மூன்று பக்கங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வருவதை வட்டமிடுங்கள். வட்டமெல்லாம் -ஆக, -க்கு மேல் விழுந்தால் முதல் மாதம் க விலக்கு, பிறகு நிரோட்டகம். வட்டங்கள் உவமைகளின்மேல், தேய்ந்த சொற்சேர்க்கைகளின்மேல் விழுந்தால் குறள் வெண்பா. அந்த மூன்று வாரக் கற்றல் செலவைக் கொடுக்கத்தான் வேண்டும். மூன்று பக்கமும் மூன்று தொடங்கி நின்ற கதைகளாக இருந்தால் வட்டமே வேண்டாம், அந்தாதி. எழுத்தில் குறை தெரியவில்லை, நீளம்தான் குறை என்றால் அஞ்சலட்டை.

இரண்டு விதிகளை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். சிவப்பிரகாசருக்கு முடிந்தது.

விதியை மீறலாமா என்று இரண்டாம் வாரமே கேட்பீர்கள். ஊலிப்போக்காரர்கள் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். மீறலாம், ஆனால் மீறாமலும் அந்த இடத்தை எழுத முடியும் என்றிருந்தால் மட்டும். வழி தெரியாமல் மீறுவது செல்லாது. நாங்கள் பக்கத்துக்கு ஒரு மீறல் என்று வைத்தோம். பெரும்பாலும் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதும் தேர்வின் பகுதிதான். நிரோட்டகத்தின் ஆறாவது வாரத்தில் எல்லோருடைய பாத்திரங்களும் நின்றாள், நினைத்தாள், சிரித்தாள் என்று மூன்றே வேலை செய்துகொண்டிருந்தன. விலங்கோடு நடக்கப் பழகியாயிற்று. அதுவும் ஒரு பழக்கம். அந்த வாரமே நிறுத்தினோம். மூன்று மாதம் என்று முதலில் போட்ட கணக்கு அதிகம்.

நிறுத்துவதற்கு முந்தைய ஞாயிறு டீச்சர் ஒரு பக்கம் வாசித்தார். ஒரு வீட்டின் காலை நேரம்.

"கழனித் தண்ணீர் நிறைந்த சட்டி. எரியாத திரி. அண்ணன் சாய்நாற்காலியில், தங்கை தரையில்."

இப்படியே ஒரு பக்கம், அறை அறையாக. முடித்ததும் வங்கி நண்பர்தான் கேட்டார், "டீச்சர், இந்த வீட்ல அம்மா எங்க?"

"வர முடியாதே தம்பி, ம இருக்கே" என்று சிரித்தார் டீச்சர். பிறகு தாளைத் திரும்ப எடுத்து, சட்டி இருக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. "அடுத்த வாரம் இதையே விதி இல்லாம எழுதிட்டு வரேன்" என்றார்.